பட்டி பூசினா துரு போயிடுமா?

ரீல்ஸ்ல அந்த மாதிரி வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். குப்பைமேட்டிலிருந்து இழுத்து வந்த மாதிரி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். முப்பது செகண்டுல கிரைண்டர் பொறி, பட்டி, சிவப்பு பெயின்ட், பின்னணியில ஒரு மாஸ் பிஜிஎம். லைக் போட்டுட்டு நகர்ந்துடுறோம். என் புகார் அந்த முப்பது செகண்டைப் பத்தித்தான்.

எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை எடுத்துக்குவோம். 1962லிருந்து 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரான, கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். இதுக்கு முந்தைய எம்.ஜி.ஏ.வுக்குத் தனி சேஸி உண்டு. இதுக்குக் கிடையாது, பாடியேதான் சேஸி. மேலே தாங்கக் கூரையும் இல்லை. அப்போ வண்டி நடுவில் தொய்ஞ்சு போகாமப் பிடிச்சிருக்கிறதுல பெரும் பங்கு எதுக்கு? கதவுகளுக்குக் கீழே நீளமா ஓடும் பெட்டிகளுக்கு. 'சில்' என்பார்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தகடுகளை ஓரத்தில் ஸ்பாட் வெல்டு போட்டு மூடிய பெட்டி, அவ்வளவுதான்.

முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறும், பிரிட்டனில் குளிர்காலத்தில் ரோட்டில் தூவுகிற உப்பும் ஃபெண்டருக்குள் அடைஞ்சு இந்தப் பெட்டியை உள்ளேயிருந்து அரிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேணும். தகடுகள் சேர்கிற விளிம்பில் புகுந்தால் ஆப்பு வெச்ச மாதிரி பிளந்துவிடும்.

பிளந்தா என்ன? எஸ்.ஓ.எம். நோட்டைத் தேடுங்க. மெல்லிய வட்டக் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழிச்சா அதன் டார்ஷனல் ஸ்டிஃப்னெஸ் எவ்வளவு குறையும்? ஆரத்தைத் தடிமனால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, மூணால பெருக்குங்க. ஆரம் 50 மி.மீ., தடிமன் 1 மி.மீ. என்றால் 7,500 மடங்கு! சில் பெட்டி வட்டமில்லை, துருவும் முழு நீளத்துக்குக் கிழிக்காது, சரி. ஆனா கணக்கு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியுதில்ல?

இங்கேதான் அந்தத் திருட்டு வேலை. அழுகின சில்லை வெட்டாமலே அதுக்கு மேல புதுத் தகட்டை ஒட்டவெச்சு வெல்டு அடிச்சுடுறாங்க. வெறும் பட்டின்னா காந்தம் வெச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சிடலாம். இதுல காந்தமும் ஒட்டும். வாங்குறவர் ஏமாறுவார், உள்ளே துரு தன் வேலையைத் தொடரும்.

ஒழுங்கா செய்யணும்னா முதல்ல கதவு நிற்கிற இடத்துல குறுக்கே கம்பி வெச்சு பாடியை இறுக்கணும். இல்லேன்னா சில்லை வெட்டின உடனே வண்டி மடங்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு மூடாது. ஒரு பக்கத்தை முழுசா முடிச்சுட்டுத்தான் மறுபக்கம். நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி, உள்தகட்டிலிருந்து ஆரம்பிச்சு வெளியே வரணும். நடுநடுவே கதவை மாட்டி இடைவெளி பார்க்கணும். தகடு நெளியாம இருக்க அங்கொண்ணு இங்கொண்ணா குட்டிக் குட்டி வெல்டு. கடைசியில் பெட்டிக்குள் மெழுகு அடிக்கணும். இதுல எதுவும் ரீல்ஸுக்கு லாயக்கில்லை.

"அவ்வளவு காசுக்கு எங்கே போறது?" நியாயமான கேள்விதான். வேலை நேரம்தான் செலவே. காசு இல்லைன்னா துரு தெரியுற மாதிரியே ஷெட்டில் நிறுத்தி வையுங்க என்பேன். மூடி மறைச்சு இன்னொருத்தர் தலையில் கட்டாதீங்க.

பிரிட்டனின் வருடாந்திர எம்.ஓ.டி. சோதனையில் சஸ்பென்ஷன், சீட் பெல்ட் மாதிரியானவை பிடிக்கிற இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் துரு இருக்கான்னு தனியாப் பார்ப்பாங்க. ஆனா 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத நாற்பது வயசு தாண்டின வண்டிகளுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. கடைசி எம்.ஜி.பி.யே 1980. அதாவது, அந்தச் சில்லுக்குள் என்ன இருக்குன்னு வெல்டு அடிச்ச ஆளுக்கு மட்டும்தான் தெரியும். ஓட்டப்போறவருக்குத் தெரியாது.

அந்த ரீலை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. பொறி பறக்கிற இடத்துல நிறுத்துங்க. கதவு இடத்துல குறுக்குக் கம்பி இருக்கா?

லைக்கை எடுத்துடலாம், ஒண்ணும் தப்பில்லை.