உடல் நலப் பகுதி: குன்ம நோயும் அறுவை சிகிச்சையும்

திருவனந்தபுரம் நகரிலிருந்து பொன்முடி மலைக்கு ஏறும் சாலையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள அம்மலையைக் காண வருவோருக்கு அவ்வளைவுகள் இன்பம் தருவன. ஆனால் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் நிலை வேறு. நள்ளிரவில் வீட்டில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தால், அதே வளைவுகள் ஒவ்வொன்றும் ஒரு சோதனையாகும். அப்பொழுது குடும்பத்தார் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே: விடியும்வரை பொறுக்கலாமா, உடனே மலையிறங்க வேண்டுமா?

பிறந்த ஊரை விட்டு வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொலைவில் குடியிருக்கும் நம் சங்க அன்பர்கள் அனைவருக்கும் இக்கேள்வி பொதுவானது. அதற்கு விடை கூறுமுன், நம் நாட்டில் வயிற்று நோய்க்கு அறுவை சிகிச்சை வளர்ந்த வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று.

உணவு உண்டபின் நெஞ்செரிவு, பசித்தால் மேல் வயிற்றில் வலி, நள்ளிரவில் வலியால் விழிப்பு, புளித்த ஏப்பம் ஆகியவற்றைக் குன்மம் என்ற பெயரால் நம் முன்னோர் அறிந்திருந்தனர். சித்த வைத்திய நூல்கள் அதனை எட்டு வகையாகப் பிரித்துரைக்கின்றன. இக்கால வைத்தியம் இரைப்பையிலோ, அதனை அடுத்துள்ள முன்சிறுகுடலிலோ உண்டாகும் புண்ணை அல்சர் என்கிறது. தென்னிந்தியாவில், சிறப்பாகப் பழைய திருவிதாங்கூரில், முன்சிறுகுடற் புண் மிகுதியாகக் காணப்பட்டது.

அத்திருவிதாங்கூரின் தென்கோடியில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூரில், லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினர். 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற ஆங்கிலக் குழுவில் ஒருவரான டாக்டர் ஹோவர்டு சோமர்வெல், அம்முயற்சி முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் வழியில் நெய்யூருக்கு வந்தார். நோயாளிகள் திரள் திரளாகக் காத்திருந்தனர். அவர்களைக் கவனிக்க ஒரே அறுவை மருத்துவர் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருந்தார். அக்காட்சி சோமர்வெல்லின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்ந்த வாழ்வைத் துறந்து அவர் நெய்யூருக்கே திரும்பி வந்தார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டில் ஏறி, ஏறத்தாழ 28,000 அடி உயரம்வரை சென்றார். அதன்பின் பல ஆண்டுகள் நெய்யூரிலும், 1949 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணி புரிந்தார்.

நெய்யூரில் அவர் கையிற் சிக்கிய நோய்களுள் முதன்மையானது முன்சிறுகுடற் புண்ணே. நாட்பட்ட புண் ஆறும்போது தழும்பு இறுகி, இரைப்பையின் வாயில் அடைபட்டுப் போவதுண்டு. அப்பொழுது உண்ட சோறு கீழிறங்காது. முதல் நாள் உண்டதை மறுநாள் வாந்தியெடுப்பர். உடல் எலும்பும் தோலுமாகும். இதற்குச் செய்யப்பட்ட அறுவை, இரைப்பையில் வேறொரு வாயில் திறந்து, சிறுகுடலின் நடுப்பகுதியை அதனுடன் இணைத்துத் தைப்பதாகும். பழைய வழி அடைபட்டாலும் உணவு புதுவழியே செல்லும். இம்முறை ஐரோப்பாவில் 1881-இல் முதலில் செய்யப்பட்டது. உண்ண முடியாது மெலிந்த ஏழை உழவர்கள் இவ்வறுவைக்குப்பின் மீண்டும் சோறுண்டு வயலுக்குத் திரும்பினர்.

எனினும் அது குறைபாடற்ற சிகிச்சை அன்று. இரைப்பையில் அமிலம் சுரப்பது நிற்காமையால், தைத்த இடத்திலேயே சிலருக்குப் புதிய புண் தோன்றிற்று. ஆகவே 1940-களில் அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பைத் துண்டிக்கும் முறை பரவிற்று. இதிலும் சிலருக்கு உண்டவுடன் படபடப்பும் வியர்வையும் மயக்கமும், சிலருக்கு ஓயாத வயிற்றுப்போக்கும் உண்டாயின. இவையெல்லாம் புண்ணின் விளைவைத் தடுத்தனவேயன்றி, அதன் வேரைத் தொடவில்லை.

அவ்வேரைக் கண்டவர்கள் ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரத்து மருத்துவர்களாகிய ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஆவர். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என உலகம் நம்பியிருந்தது. 1982-இல் அங்கு வாழும் ஒரு கிருமியை அவர்கள் வளர்த்துக் காட்டினர். பிறர் நம்பாமையால் மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி நிரூபித்தார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். இருவருக்கும் 2005-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் இரண்டு கிருமிக்கொல்லிகளைப் பொதுவாக 14 நாட்கள் தவறாது உட்கொண்டால், பெரும்பாலோருக்குக் கிருமி ஒழிந்து புண் ஆறுகிறது. மீண்டும் வருவதும் அரிதாகிறது. நெய்யூரில் கத்தி செய்த வேலையை இன்று மாத்திரை செய்கிறது.

இதனால் நாம் பெறும் முதற் பாடம்: ஆறாத குன்ம வலியைத் தலைவிதியென்று சோடாவாலும் சீரகக் கஷாயத்தாலும் ஆண்டுக்கணக்கில் தணித்துக்கொண்டிருத்தல் வேண்டா. மருத்துவரிடம் சென்று எண்டாஸ்கோப்பி முதலிய பரிசோதனைகளைச் செய்துகொள்க. மருந்தைப் பாதியில் நிறுத்தற்க. இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் தாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நடுவயதுக்குமேல் எடை குறைதல், உணவு விழுங்க முடியாமை, தார் போன்ற கருநிற மலம் ஆகியவை காணின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அவை இரத்தக் கசிவையோ புற்றுநோயையோ குறிக்கக்கூடும்.

இரண்டாவது பாடம் இதனினும் அவசரமானது. மாத்திரை வந்துவிட்டதால் கத்திக்கு வேலையில்லை என்று எண்ணுதல் பெரும் பிழை. நாட்பட்ட புண் ஒரு நாள் குடற்சுவரைத் துளைத்துவிடக்கூடும். அப்பொழுது கத்தியால் குத்தியதுபோல் திடீரென வலி எழும். வயிறு பலகைபோல் விறைக்கும். நோயாளி அசையாது படுத்திருப்பார். அசைந்தால் வலி பெருகும். இதற்கு அறுவையே வழி. வயிற்றினுள் திரைபோல் தொங்கும் கொழுப்புச் சவ்வைத் துளையின்மேல் வைத்துத் தைத்து அடைத்து, வயிற்றைக் கழுவுகின்றனர். சில மணி நேரத்திற்குள் செய்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். நேரம் செல்லச் செல்ல உயிருக்கு ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது.

குடல்வால் அழற்சியும் இத்தகையதே. வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொள்ளும். பசியின்மை, வாந்தி, இலேசான காய்ச்சல் உடன் வரும். இந்நிலையில் குடலைச் சுத்தம் செய்வதாக விளக்கெண்ணெய் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். வீங்கிய குடல்வால் அதனால் வெடிக்கக்கூடும். எனவே கடும் வயிற்று வலியில் பேதி மருந்து கூடாது, உணவும் கொடுக்கலாகாது. உடனே 108-ஐ அழைத்தோ, கிடைத்த வண்டியிலோ அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. வெடிக்குமுன் எடுத்துவிட்டால் பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புவர். வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி செலுத்திச் செய்யும் லாப்ராஸ்கோப்பி முறையும் இன்று பல இடங்களில் உண்டு.

கேரளத்தில் வாழ்வோர் அறியவேண்டிய மற்றொரு நோய் கணையத்தில் கல் தோன்றுதல் ஆகும். மதுவைத் தொடாத இளைஞருக்கும் சிறுவருக்கும் இது வருகிறது. கேரளத்து மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்து இதனை உலகறியச் செய்தார். அடிக்கடி முதுகுவரை பரவும் வயிற்று வலி, எண்ணெய்ப் பிசுக்குள்ள மலம், இளம் வயதிலேயே நீரிழிவு ஆகியவை இதன் குறிகள். மரவள்ளிக் கிழங்கே காரணம் என ஒரு காலத்தில் கருதினர், அக்கருத்து நிலைபெறவில்லை, பிறவிக் கூறுகளுக்கும் பங்குண்டு எனப் பின்னர்த் தெரியவந்தது. கணைய நாளத்தைத் திறந்து கல்லை அகற்றிச் சிறுகுடலுடன் இணைக்கும் அறுவையால் பலருக்கு வலி தணிகிறது. ஆனால் நீரிழிவு அதனால் மறைவதில்லை; அதற்குரிய மருந்தை விடாது உட்கொள்ள வேண்டும்.

அயலூரில் வாழும் நமக்கு இரண்டு சிறு யோசனைகள். ஒன்று, எந்த ஆஸ்பத்திரியில் அறுவை செய்தாலும், என்ன செய்தார்கள் என்று எழுதிய சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துக. வேலை நிமித்தம் ஊர் மாறும்போது, அடுத்த மருத்துவருக்கு அச்சீட்டே வழிகாட்டி. மற்றொன்று மொழி பற்றியது. நாம் மன வருத்தத்திற்குச் சொல்லும் வேதனை என்னும் சொல் மலையாளத்தில் உடல் வலியைக் குறிக்கும். நம் வலி என்னும் சொல்லுக்கு அங்கே இழுப்பு என்பது பொருள். ஆகவே வலி எங்கே தொடங்கிற்று, எத்தனை மணிக்குத் தொடங்கிற்று, எங்கே நகர்ந்தது என்பதை விரலால் சுட்டிக் காட்டிச் சொல்லுக. மலையாளம் அறிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்வது இன்னும் நன்று.

நாட்பட்ட வலிக்கு நிதானமான பரிசோதனையும், திடீர் வலிக்கு உடனடிப் பயணமும் வேண்டும். வயிறு பலகையாயின் விடியலுக்குக் காத்திராமல் அந்த 22 வளைவுகளையும் இரவிலேயே இறங்கிவிடுக.