ஐம்பது வெள்ளியோடு முடிகிற காரியமா?

பொழுது விடியுமுன் சைக்கிளில் வேலைக்காட்டுக்குப் போகும் தொழிலாளியைச் சடக்கில் ஒரு லாரி உரசிவிட்டால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஓட்டுநர் இறங்கி வருகிறார். "அடி ஒன்றும் பலமில்லையே, அண்ணே?" என்கிறார். ஐம்பது வெள்ளி கை மாறுகிறது. வளைந்த சக்கரத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு ஒருவர் இப்படியும் மற்றவர் அப்படியும் போய்விடுகின்றனர். விவகாரம் தீர்ந்ததென்று இருவருக்கும் நினைப்பு. தீரவில்லை, தோழர்களே! சட்டத்தின் கண்ணில் அது அங்கேதான் தொடங்குகிறது.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஓட்டுநருக்கு நான்கு கடமைகளை விதிக்கிறது. வண்டியை நிறுத்த வேண்டும். பெயர், முகவரி, வண்டி எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். தம்மால் இயன்ற உதவி செய்ய வேண்டும். 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். காயம் சிறிது, சேதம் சிறிது என்பதற்காக இக்கடமைகள் நீங்குவதில்லை. தவறினால் அதுவே தனிக் குற்றம். மோதலுக்கு யார் காரணம் என்பது வேறு கேள்வி.

கவனக் குறைவாக ஓட்டியதாக 43ஆம் பிரிவின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டால், அபராதம் 10,000 வெள்ளி வரை போகலாம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. இதற்குமேல், அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். தீபகற்பத்தில் அதற்குப் பொதுவாக 6 ஆண்டு தவணை உண்டு. புகார் செய்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்த ஓட்டுநருக்கு அங்கே துணை இருக்கும். இரகசியமாகப் பணம் கொடுத்து மறைத்தவர் எதைக் காட்டித் தம்மைக் காத்துக்கொள்வார்? "நிற்காமல் ஓடிவிட்டார்" என்று நாளை ஒருவர் சொன்னால் மறுப்பதற்குச் சாட்சி ஏது?

இனி, சைக்கிளில் வந்தவரின் நிலை. முழங்கால் வீக்கம் மறுநாள்தான் தெரியும். ஐம்பது வெள்ளி எக்ஸ்ரேக்குக் காணுமா? வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தைப் பெர்க்கேசோ சட்டம் வேலை விபத்தாகவே கொள்கிறது. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் இப்பாதுகாப்பு உண்டு. நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்புக் கிடைத்தால், சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு பெறலாம். ஆனால் புகாரும் மருத்துவரின் சான்றும் இல்லாமல் இதை எப்படி நிலைநாட்டுவது?

சைக்கிளில் விளக்கில்லாமல் வந்தவருக்கும் பொறுப்பில் பங்குண்டு. எனினும் 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின்படி அந்தப் பங்குக்கேற்ப நஷ்டஈடு குறையுமே தவிர, அதனாலேயே அடியோடு அற்றுப் போகாது. "உன் மேலும் தப்பு, பேசாமல் போ" என்ற மிரட்டலுக்கு எவரும் அடங்கிவிடத் தேவையில்லை.

"போலீசுக்குப் போனால் அரை நாள் சம்பளம் போச்சு, லாரிக்காரரும் நம் ஆள்தானே, அவர் பிழைப்பு கெடலாமா?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். தோட்ட லாரியை ஓட்டுபவரும் கூலிக்கு உழைப்பவரே. ஆனால் வேலையின் நிமித்தம் ஓட்டிச் செல்கையில் நேர்ந்த தவறுக்கு முதலாளியும் நஷ்டஈட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டியவர். அதனால்தான் "வெளியே தெரிய வேண்டாம், நீயே பார்த்துக்கொள்" என்று சில நிர்வாகங்கள் ஓட்டுநரிடம் சொல்கின்றன. ஓட்டுநர் தம் சட்டைப்பையிலிருந்து ஐம்பது வெள்ளி கொடுப்பது முதலாளியின் சுமையைத் தம் தோளில் ஏற்றிக்கொள்வதன்றி வேறென்ன? புகார் செய்வது பகை கொள்வதாகாது. அது இரு தொழிலாளரையும் காக்கும்.

ஆகவே, ஓட்டுநர்களே, நில்லுங்கள், உதவுங்கள், 24 மணி நேரத்திற்குள் புகார் செய்யுங்கள். சைக்கிளில் செல்லும் தோழர்களே, வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வலி இல்லையென்றாலும் மருத்துவரைப் பாருங்கள், விளக்கைச் சரிபாருங்கள். கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை: தோட்ட நிர்வாகம் 48 மணி நேரத்திற்குள் பெர்க்கேசோவுக்கு விபத்தை அறிவிக்க வேண்டும். அந்தப் பாரம் நம் மேசையில்தான் கிடக்கிறது. அதை நிரப்பாமல் வைத்திருப்பது நம் சகோதரன் கூலியைப் பிடித்து வைப்பதற்குச் சமம்.