நம்பிக்கை மட்டும் போதுமா? கிருபையும் கிரியையும்

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

சில மாதங்களுக்கு முன்னர், சிறு வயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் மஃரிப் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். இப்போது வெளியூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறார். அவருடைய தந்தை வஃபாத்தாகி இரண்டு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. தந்தை தொழுகையில் பேணுதல் குறைந்தவராய் வாழ்ந்தவர்; கடனும் வைத்துவிட்டுச் சென்றவர். அந்தத் துயரத்தோடு விடுதிக்குத் திரும்பிய பிள்ளைக்கு, அறைத் தோழரான ஒரு கிறிஸ்தவ மாணவர் மிகுந்த அன்போடு ஆறுதல் சொல்லியிருக்கிறார்: மனிதன் தன் கிரியைகளால் கடவுளிடம் சேர முடியாது, எல்லாக் கடனும் சிலுவையில் செலுத்தப்பட்டுவிட்டது, விசுவாசித்தால் போதும், இரட்சிப்பு இலவசம்.

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை நம்மிடம் கேட்டது ஒன்றே: “ஹஜ்ரத், நீங்கள் எங்களுக்குக் கணக்கை மட்டும்தான் சொல்லித் தந்தீர்கள். அவன் அன்பைச் சொல்கிறான். நான் எதை எடுத்துக்கொள்வது?”

அன்றிரவு நம்மால் எளிதில் உறங்க முடியவில்லை. அந்தக் கேள்வியில் இரண்டு தவறுகள் அடங்கியிருந்தன. ஒன்று அந்தத் தோழர் சொன்ன கொள்கையில் உள்ளது. மற்றொன்று நம் போதனையில் உள்ளது. இரண்டையும் பேசியே ஆகவேண்டும். வேதம் வழங்கப்பட்டோருடன் அழகிய முறையிலேயே விவாதிக்கவேண்டும் என்பது அல்குர்ஆனின் (29:46) கட்டளை. ஆகவே, அவர்கள் சொல்லாததை அவர்கள் மீது ஏற்றாமல், சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுவோம்.

அவர்கள் சொல்வது என்ன?

ஆதாமின் பாவத்தால் மனித இயல்பே கெட்டுவிட்டது. தன் முயற்சியால் எவனும் நீதிமான் ஆக முடியாது. இயேசுவின் மரணமே பரிகாரம். அதை விசுவாசிப்பவனை இறைவன் கிருபையால் நீதிமானாக ஏற்கிறான் என்பதே அக்கொள்கையின் சுருக்கம். பவுல் எழுதிய ரோமர் (3:28), எபேசியர் (2:8-9) ஆகிய நிருபங்களை இதற்கு ஆதாரம் காட்டுவர். மனித இயல்பைப் பற்றிய பகுதியை விரிவாக வகுத்தவர் 430ஆம் ஆண்டு மறைந்த அகஸ்டின். அவரை எதிர்த்து, மனிதனால் நன்மையைத் தேர்ந்தெடுக்க இயலும் என்ற பெலாஜியஸின் போதனை 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய சபையில் கண்டிக்கப்பட்டது.

இதில் ‘மட்டும்’ என்ற சொல்லைப் போர்க்கொடியாக உயர்த்தியவர் ஜெர்மனியின் மார்ட்டின் லூதர். ரோம் நகரின் புனித பேதுரு ஆலயக் கட்டுமானத்திற்காகப் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் விற்கப்பட்ட காலம் அது. பணம் கொடுத்தால் தண்டனை குறையும் என்ற அந்த வணிகத்தை எதிர்த்து, 1517 அக்டோபர் 31இல் அவர் 95 வாதங்களை வெளியிட்டார். அந்தக் கோபம் நியாயமானது என்பதை நாம் மறுக்கமாட்டோம். இறை மன்னிப்பைச் சந்தைப் பொருளாக்குவதை எந்த முஸ்லிம் ஆதரிப்பான்? 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு இந்த லூதரின் மரபைச் சேர்ந்தவரே. எனவே அந்த விடுதி அறையில் பேசப்பட்ட சொற்கள் நம் மண்ணுக்கு வந்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

‘மட்டும்’ எங்கிருந்து வந்தது?

1522இல் லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது, ரோமர் 3:28இல் ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இல்லை. கேள்வி எழுந்தபோது, ஜெர்மன் மொழியின் இயல்பும் பவுலின் கருத்தும் அதைக் கோருகின்றன என்று வாதிட்டார். ஆனால் புதிய ஏற்பாட்டில் விசுவாசத்தையும் ‘மட்டும்’ என்ற சொல்லையும் சேர்த்துப் பேசும் இடம் ஒன்று உண்டு. அது யாக்கோபு நிருபம் (2:24). அங்கே, மனிதன் விசுவாசத்தினால் மட்டும் நீதிமானாவதில்லை, கிரியைகளாலும் ஆகிறான் என்று நேர் எதிராகவே சொல்லப்படுகிறது. லூதர் அந்த நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு எழுதினார். தம் வேதத்தின் ஒரு பகுதியை வைக்கோலாக்கினால்தான் ஒரு கொள்கை நிற்கும் என்றால், பிழை வேதத்தின் அப்பகுதியிலா, கொள்கையிலா?

கத்தோலிக்க சபையே 1547இல் டிரெண்ட் பொதுச்சங்கத்தில் ‘விசுவாசத்தால் மட்டும்’ என்ற கொள்கையைக் கண்டித்தது. 1999 அக்டோபர் 31இல்தான் ஆக்ஸ்பர்க் நகரில் லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்க சபையும் இதுகுறித்து ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் தங்களுக்குள்ளேயே வழக்காடிய ஒரு செய்தியை, ஐயத்திற்கு இடமற்ற எளிய நற்செய்தி என்று துயரத்தில் இருக்கும் ஓர் இளைஞனிடம் சொல்வது எப்படிச் சரியாகும்?

ஈஸா (அலை) அவர்கள் கூறியதாகச் சுவிசேஷங்கள் தருவதைப் பார்ப்போம். நித்திய வாழ்வுக்கு வழி கேட்ட செல்வந்த இளைஞனிடம், கட்டளைகளைக் கடைப்பிடி என்கிறார் (மத்தேயு 19). பிறரை மன்னிக்காதவனுக்கு மன்னிப்பு இல்லை என்கிறார் (மத்தேயு 6). இறுதித் தீர்ப்பை வருணிக்கும்போது, பசித்தவனுக்கு உணவளித்தவர்களும் அளிக்காதவர்களுமே வலமும் இடமுமாகப் பிரிக்கப்படுகிறார்கள் (மத்தேயு 25).

இதற்கு அவர்கள் தரும் விடையையும் நாம் அறிவோம். கிரியை என்பது விசுவாசத்தின் கனி, கனியில்லாத விசுவாசம் உயிருள்ள விசுவாசமே அன்று என்பார்கள். நல்லது. அப்படியானால் கனியில்லா மரம் வெட்டப்படும் என்பதை அவர்களும் ஒப்புகிறார்கள்; ‘மட்டும்’ என்ற சொல் பொருளிழந்துவிடுகிறது. ஈமான் கொண்டு நற்செயல் புரிந்தோர் என்று இரண்டையும் இணைத்தே அல்குர்ஆன் மீண்டும் மீண்டும் பேசுவது இதனால்தான். சூரத்துல் அஸ்ர் மூன்றே வசனங்கள் கொண்டது. நஷ்டத்திலிருந்து தப்புவோரின் முதல் இரண்டு அடையாளங்களாக அது சொல்பவை ஈமானும் அமலுமே.

உண்மையான வேறுபாடு எங்கே?

ஆகவே, நமக்கும் அவர்களுக்கும் இடையிலான பெரும் வேறுபாடு, இறையருள் தேவையா இல்லையா என்பதில் இல்லை. ஒருவரின் பாவத்தை மற்றொருவர் சுமக்க முடியுமா என்பதில்தான் அது இருக்கிறது.

ஆதம் (அலை) தவறினார். இறைவனிடமிருந்து சொற்களைக் கற்று தவ்பா செய்தார். அல்லாஹ் மன்னித்தான் (2:37). வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பிறக்கும் குழந்தை தூய இயல்பிலேயே பிறக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்கிறது அல்குர்ஆன் (53:38). பாவம் செய்தவனே அதற்குப் பொறுப்பு, மகன் தந்தையின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று அவர்களுடைய எசேக்கியேல் ஆகமமும் (18:20) இதையே சொல்கிறது.

இறைவனின் நீதிக்குப் பரிகாரம் செலுத்தப்பட்டே ஆகவேண்டும் என்று அவர்கள் வாதிடுவர். நாம் கேட்கிறோம்: கடன் முழுவதையும் வேறொருவரிடம் வசூலித்துவிட்டவர், கடனை மன்னித்தேன் என்று சொல்லலாமா? அது வசூல்தானே, மன்னிப்பு எங்கே? கடன் கொடுத்தவரே தம் பையிலிருந்து எடுத்துத் தமக்கே செலுத்திக்கொண்டார் என்பார்களாயின், அதற்கு இரத்தம் எதற்கு? ‘விட்டுவிட்டேன்’ என்ற ஒரு சொல் போதுமே!

லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அத்தியாயத்தில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த மகனின் கதை வருகிறது. தந்தை ஓடிச்சென்று கட்டித் தழுவுகிறார். அவனுக்குப் பதிலாக எவரையும் தண்டிக்கவில்லை. கன்று அடிக்கப்பட்டது, ஆனால் விருந்துக்காக, பரிகாரத்திற்காக அன்று. அந்தத் தந்தையின் அன்பை நாமும் ஒப்புகிறோம். அந்த அன்புக்குக் குறுக்கே ஒரு பலிபீடத்தை ஏன் எழுப்பவேண்டும் என்பதே நம் கேள்வி.

இந்தக் கொள்கையின் ஆபத்தைக் கிறிஸ்தவர்களிலேயே நேர்மையானவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். லூதரன் போதகரான டீட்ரிக் பான்ஹோஃபர், நாஜி ஆட்சியின்போது 1937இல் வெளியிட்ட தம் நூலில், மனந்திரும்புதலும் கீழ்ப்படிதலும் இல்லாமல் வழங்கப்படும் மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்று கண்டித்தார். லூதரின் நாட்டிலேயே ஆலயங்களில் அமர்ந்திருந்தவர்களில் பலர் கொடுங்கோலனுக்குத் துணை நின்றதைக் கண்டவர் அவர். அந்த ஆட்சியை எதிர்த்த அவர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

கணக்கு மட்டும்தானா இஸ்லாம்?

இனி நம் பக்கம் திரும்புவோம். “கணக்கை மட்டும்தான் சொல்லித் தந்தீர்கள்” என்ற சொல்லுக்கு நாம் பதில் சொல்லவேண்டும். அது நம் மீதான நியாயமான குற்றச்சாட்டு. எத்தனை ஸஜ்தா, எத்தனை நன்மை, எதற்கு எத்தனை தண்டனை என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தோம். யாருக்கு முன்னால் ஸஜ்தா செய்கிறோம் என்பதை உள்ளத்தில் பதிய வைத்தோமா?

உங்களில் எவரையும் அவருடைய அமல் மட்டும் காப்பாற்றிவிடாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தங்களையுமா என்று தோழர்கள் வினவியபோது, அல்லாஹ் தன் அருளால் என்னைச் சூழ்ந்துகொண்டாலே தவிர என்னையும்தான் என்றார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ள இந்த ஹதீஸை நம் மதரஸாப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களை நோக்கி, என் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அல்லாஹ் அழைக்கும் வசனத்தை (39:53) எத்தனை வீடுகளில் சொல்லித் தருகிறோம்?

ஆனால் அதே ஹதீஸில், ஆகவே அமலை விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் சொல்லவில்லை. நேர்மையாக நடங்கள், நடுநிலையாக அமல் செய்யுங்கள் என்றே தொடர்ந்தார்கள். நீங்கள் செய்துவந்தவற்றின் காரணமாகச் சுவனத்தில் நுழையுங்கள் என்று வானவர்கள் வரவேற்பதாக அல்குர்ஆனும் (16:32) சொல்கிறது. இரண்டுக்கும் முரண் இல்லை. அமல் சுவனத்திற்கான காரணம், விலை அன்று. உழுது விதைப்பவன் விவசாயி; மழையும் விளைச்சலும் இறைவனுடையவை. விதைத்தவன் மழையை விலைக்கு வாங்கிவிட்டதாகப் பெருமை பேசமாட்டான். விதைக்காதவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை.

நம் வீட்டிலும் இந்த நோய் உண்டு

அடுத்தவரைக் குறைகூறி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. ஈமான் இருந்தால் பாவம் தீங்கு செய்யாது என்று நம் வரலாற்றிலும் ஒரு கூட்டம் பேசியது. அந்த முர்ஜிஆக்களின் போக்கை நம் இமாம்கள் கண்டித்தார்கள். இன்று அப்பெயர் இல்லை. அந்த மனப்பான்மை இருக்கிறது. கலிமா சொல்லிவிட்டோம், நபியின் ஷஃபாஅத் இருக்கிறது, போதும் என்று எத்தனை பேர் காலம் கடத்துகிறோம்! சகோதரியின் சொத்துப் பங்கைத் தராமல் ஹஜ்ஜுக்குச் செல்கிறோம். கைக்கூலி வாங்கிய மண்டபத்தில் நிக்காஹ் குத்பா கேட்கிறோம். உங்கள் ஆசைப்படியும் இல்லை, வேதக்காரர்களின் ஆசைப்படியும் இல்லை, தீமை செய்தவர் அதற்குரிய கூலியைப் பெறுவார் என்று அல்லாஹ் சொல்லும்போது (4:123), முதலில் நம்மைத்தான் அழைத்துச் சொல்கிறான். தம் அருமை மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களிடமே, என் செல்வத்தில் வேண்டியதைக் கேள், அல்லாஹ்விடம் உனக்காக என்னால் எதுவும் செய்ய இயலாது என்று நபியவர்கள் எச்சரித்தார்களே! ஷஃபாஅத் உண்மை, ஆனால் அது அல்லாஹ்வின் அனுமதிக்கு உட்பட்டது.

அமலைக் கொண்டு இறுமாப்பதும் இதே அளவு ஆபத்தானது. தொழுகை, நோன்பு, ஜகாத் அனைத்தோடும் மறுமைக்கு வந்து, பிறரைத் திட்டியதற்கும் பொருளை அபகரித்ததற்கும் ஈடாக எல்லா நன்மைகளையும் இழந்து நிற்பவனையே, நபியவர்கள் உண்மையான திவாலானவன் என்றார்கள்.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னது

மறுநாள் அந்த மாணவரை அழைத்துச் சொன்னோம்: “தம்பி, உன் அத்தாவின் கடன் யாருக்கு எவ்வளவு என்று எழுது. அதை அடை. இயலாவிட்டால் கடன் கொடுத்தவரிடம் சென்று மன்னிப்புக் கேள். தினமும் அவருக்காக துஆச் செய்.”

உடனே அவர் கேட்டார்: “ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க முடியாது என்றீர்களே, ஹஜ்ரத்?”

நல்ல கேள்வி. பணக்கடனை வேறொருவர் அடைக்கலாம். கடன்பட்டு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழவைக்க நபியவர்கள் தயங்கியபோது, அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைப் பொறுப்பேற்றார்கள்; அதன் பிறகே தொழவைத்தார்கள். ஆனால் குற்றம் பணமன்று. கொலைகாரனுக்குப் பதிலாக நிரபராதியைத் தூக்கிலிட்டால் எந்த நீதிமன்றமும் அதை நீதி என்று சொல்லாது. பெற்றோருக்காக துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளையோ அவர்களுடைய அமலின் தொடர்ச்சியே. அது இறைவனிடம் வைக்கும் வேண்டுகோள். குற்றத்தை மாற்றி எழுதும் பேரம் அன்று.

“உன் அத்தா மன்னிக்கப்படுவார் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. மன்னிக்கப்படமாட்டார் என்று சொல்லவும் நமக்கு அதிகாரம் இல்லை. உன்னையும் நம்மையும்விட அவர் மீது அதிக அருளுடையவனிடம் அவர் சென்றிருக்கிறார்” என்றோம். அந்தப் பிள்ளை அழுதார். நாமும் அழுதோம். பத்து ஆண்டுகளுக்கு முன்பே பாடத்தில் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை அது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் பிற சமயத்தாருடன்தான் வாழப்போகிறார்கள். அந்தத் தோழரைப் போன்ற அன்பான நண்பர்கள் அவர்களுக்கு அமையட்டும். அந்த நட்பை வெட்டிவிடச் சொல்லாதீர்கள். ஆனால் அல்லாஹ்வின் அருளைப் பற்றி அவர்கள் முதன்முதலில் கேள்விப்படுவது வெளியாரிடமிருந்து என்ற நிலை வரக்கூடாது. அச்சமும் ஆதரவும் ஒரு பறவையின் இரு சிறகுகள் என்பார்கள் நம் ஆலிம்கள். ஒரு சிறகை மட்டும் வளர்த்துவிட்டுப் பறக்கவில்லையே என்று பிள்ளைகளை நொந்துகொள்வதில் பொருளில்லை.

வல்ல அல்லாஹ் நம் ஈமானை உறுதிப்படுத்தி, குறையுள்ள நம் அமல்களைத் தன் அருளால் ஏற்றுக்கொள்வானாக! நம் பெற்றோரின் பிழைகளை மன்னிப்பானாக! ஆமீன்.