இருளர் பிள்ளை வேட்டை பழகட்டும்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் இருளர் குடியிருப்புகளோடு தொடர்புள்ள யாரிடம் பேசினாலும் ஒரு கருத்து தவறாமல் வரும். ஆசிரியர் சொல்வார், அதிகாரி சொல்வார், தொண்டு நிறுவனத்துக்காரரும் சொல்வார்: பாம்பு பிடிப்பதும் எலி பிடிப்பதும் இந்தத் தலைமுறையோடு போகட்டும், பிள்ளைகளை அதில் இழுக்க வேண்டாம், அவர்களாவது படித்து மேலே வரட்டும். நல்லெண்ணத்தில் சொல்வதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இருளர் பெற்றோரிலேயே பலர் இப்போது இதைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. வேட்டையறிந்த பெரியவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர, இருளர் பிள்ளைகள் அந்த அறிவைப் பழக வேண்டும் என்பதே என் கருத்து. எதிர்த்தரப்பு சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், படிப்பு கெடும் என்பது. இருளர் பிள்ளை பள்ளியிலிருந்து ஏன் நின்றுபோகிறது என்பது அந்த மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். முன்பணம் வாங்கிய குடும்பம் செங்கல் சூளைக்கோ, அரிசி ஆலைக்கோ, மரம் வெட்டவோ போனால் பிள்ளையும் கூடவே போகிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. இன்றும் வடமாவட்டங்களில் கொத்தடிமைகள் மீட்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் அதில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அடுத்தது சாதிச் சான்றிதழ். பழங்குடி என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்து, அது கிடைப்பதற்குள் மேற்படிப்புச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. மூன்றாவது, வகுப்பறையில் விழும் கேலி. ‘எலி பிடிக்கிறவன்’ என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி கையைத் தூக்கிக் கேள்வி கேட்காது.

இவற்றில் எது தாத்தாவோடு ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போனதால் வந்தது? சம்பா அறுவடைக்குப் பிறகு வயலில் எலி வெட்டுவது அரைநாள் வேலை. அதை நிறுத்திவிட்டால் சூளைக்கடன் அடையாது, சான்றிதழும் வராது. கேலிக்குத்தான் கூடுதல் பலம் சேரும். ஏனென்றால், ‘உன் வீட்டுத் தொழில் வெட்கப்பட வேண்டியது’ என்று சக மாணவன் சொன்னதை, பெரியவர்களும் சேர்ந்து சொன்னதாக ஆகிவிடுகிறது. பெற்றோர் செய்கிற வேலையைப் பற்றித் தலைநிமிர்ந்து பேச முடிகிற பிள்ளைதான் பள்ளியில் தரிக்கும்.

அடுத்த கருத்து பாராட்டுபோலக் காதில் விழும். ‘அது அவங்க ரத்தத்திலேயே ஊறினது, சொல்லித்தர வேண்டியதே இல்ல.’ இருளரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இது அடிக்கடி வருகிறது. எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்வது இந்தக் கருத்துதான் என்று நினைக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அறுவடை முடிந்த ஒரு வயலில், இருளர் பெரியவர் ஒருவர் தன் தங்கையின் பேரனைக் கூட்டிப்போனபோது நானும் உடன் போயிருந்தேன். வரப்பில் ஒரு வளை தெரிந்ததும் பையன் குனிந்து கையை நீட்டினான். “கைய எடுடா. கண்ணு மொதல்ல, கை அப்பறம்” என்றார். பிறகு கேள்விமேல் கேள்வி. வாயில் கிடக்கிற மண் ஈரமா, காய்ஞ்சதா? ஈரம் என்றால் எலி ராத்திரி தள்ளிய மண். சிலந்தி வலை கட்டியிருக்கா? கட்டியிருந்தால் ஒன்றும் உள்ளே போய்வரவில்லை. நெல்மணி எந்தப் பக்கமாகச் சிந்தியிருக்கு? இதற்கு வேறு வாய் எங்கே? பையன் சுற்றிப் பார்த்து இரண்டைக் காட்டினான். “இன்னும் ஒண்ணு இருக்கு, தேடு” என்றார். வரப்பின் மறுபக்கச் சரிவில், மேலே மெல்லிசாக மண் மூடி, மூன்றாவது வாய் இருந்தது. ஆபத்து வந்தால் முட்டித் திறந்துகொண்டு ஓட எலி வைத்திருக்கும் வழி அது. அதை முதலில் அடைக்காமல் கடப்பாரையைப் போட்டால் குழிதான் மிஞ்சும்.

நாலு தப்படி தள்ளி இன்னொரு வளை. இந்த முறை பையனே நின்றுவிட்டான். “இதுல எலி இல்ல தாத்தா.”

“எப்பிடிச் சொல்ற?”

“வாய் மழமழன்னு இருக்கு. புழுக்கையும் புதுசா இல்ல.”

பெரியவர் ஒரு குச்சியால் உள்ளிருந்து பாம்புச் சட்டைத் துண்டு ஒன்றை வெளியே எடுத்தார். அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, முதுகுச் செதிலைப் பார்க்கச் சொன்னார். செதிலின் நடுவே கோடுபோல மேடு ஓடினால் விரியனாக இருக்கலாம், வழவழப்பென்றால் நல்ல பாம்பு பக்கம் யோசிக்க வேண்டும். சட்டை காய்ந்து நொறுங்குகிறதா, இன்னும் மெத்தென்று இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னார். பையன் வளையைத் தோண்டலாமா என்று கேட்டான். “இதுக்கு இப்ப நமக்கு அனுமதி இல்ல. விட்டுடு” என்று சொல்லி நடையைக் கட்டினார்.

இதில் ரத்தத்தின் வேலை எங்கே இருக்கிறது? ஒரு தடயம், அதற்கு ஒரு கேள்வி, பதில் சொன்னால் ‘எப்படித் தெரியும்’ என்று அடுத்த கேள்வி. கரும்பலகை இல்லையே தவிர, அறிவியல் வகுப்புக்கு வேண்டிய எல்லாம் அந்த வரப்பில் இருந்தது. அந்தப் பையனை ஐந்து வயதில் நகரத்துக்குக் கொண்டுபோய் வளர்த்திருந்தால், என்னைப் போலவே வளைக்குமுன் திகைத்துத்தான் நின்றிருப்பான்.

இந்தக் கல்வியின் தரத்துக்குச் சாட்சி வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த பாலூட்டிகளைத் தின்று தீர்த்துவந்தன. 2016இல் பொதுமக்களுக்குப் போட்டி வைத்துப் பார்த்தார்கள். ஆயிரம் பேருக்குமேல் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் பிடித்தது 106. மறு ஆண்டு ஜனவரியில் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போனார்கள். அந்த நிலத்தை இருவரும் அதற்குமுன் கண்டதில்லை. முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகள், ஒரு மாதம் நிறைவதற்குள் 27. அதில் ஒன்று, கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்துக்குள் கிடந்த 16 அடி பெண்பாம்பு. பழகிய வயலைவிட்டு அவ்வளவு தூரம் போயும் அந்த அறிவு கைகொடுத்தது என்றால், அதற்குள் முறையும் ஒழுங்கும் இருக்கிறது என்றுதான் பொருள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

‘ரத்தத்தில் ஊறினது’ என்று சொல்வதால் என்ன நடக்கிறது? சொல்லித்தருகிற பெரியவர் ஆசிரியர் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆசிரியர் இல்லை என்றால் அவருக்குச் சம்பளமும் இல்லை, நேரமும் ஒதுக்க வேண்டியதில்லை. பிறவியிலேயே வருவது அழியாது என்ற நம்பிக்கையில் யாரும் கவலைப்படுவதும் இல்லை. உண்மையில், சொல்லித்தந்து வருகிற எந்த அறிவும் ஒரே ஒரு தலைமுறை இடைவெளியில் போய்விடும். பெண்களையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கணவனும் மனைவியுமாக வேட்டைக்குப் போவது இருளரிடையே வழக்கம். தடம் பார்ப்பதில் கைதேர்ந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பழகப் பேத்திகளும் போகட்டும்.

ஆபத்து என்கிறவர்களின் கவலை நியாயமானது. நஞ்சுள்ள பாம்பைப் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை தொடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதி, வளைக்குள் புகை விடும் பழைய முறையும் பிள்ளைகளுக்கு வேண்டாம். வாயும் கையும் வெந்துபோகும், நெஞ்சில் புகை இறங்கும். ஆனால் பெரியவர்கள் கற்றுத்தருகிற வரிசையைக் கவனித்தால், பாம்பைத் தொடுவது அதில் கடைசியில் வருகிறது. அதற்குமுன் பல ஆண்டுகள் பார்ப்பதும் கேட்பதும்தான். எந்த இடத்தில் காலை வைக்கக் கூடாது, எந்த நேரத்தில் வரப்போரம் நடக்கக் கூடாது, கட்டுவிரியனுக்கும் அதைப்போலவே பட்டை போட்ட நஞ்சில்லாத பாம்புக்கும் என்ன வேறுபாடு, கண்ணாடி விரியன் என்று மிரண்டு ஜனங்கள் அடித்துக் கொல்கிற மண்ணுளி எப்படி இருக்கும் என்பதெல்லாம் இந்த ஆண்டுகளில்தான் படிகின்றன.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசே 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியது. தரையைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஊரில் இருந்தால் அந்த ஊருக்கே பாதுகாப்பு. யாரிடமும் பழகாமல், செல்போன் காணொளிக்காக நல்ல பாம்பின் தலையைத் தட்டி விளையாடுகிற இளைஞர்களைப் பார்த்தால்தான் எனக்கு நடுக்கம் வருகிறது. குருவிடம் பழகியவன் பாம்பை வேடிக்கை காட்டமாட்டான். துணிப்பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான்.

சட்டப்படி குற்றம், உயிர்வதை என்கிறவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் இருளர் பிடித்த பாம்புகள் தோலுக்காகவே போயின. லட்சக்கணக்கில் தோல்கள் வெளிநாடு சென்றன. லாபம் வியாபாரிகளுக்கு, சொற்பக் காசு இருளருக்கு. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது அந்தப் பிழைப்பு நின்றது. 1978இல், பாம்பியல் வல்லுநர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுக்க அனுமதி தரலாம் என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், அந்தச் சங்கம் அப்படித்தான் நடக்கிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகை. வாய்க்குத் துணி கட்டிய மண்பானையில் சுமார் மூன்று வாரம். வாரத்துக்கு ஒருமுறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி மாட்டினால் சங்கம் எடுத்துக்கொள்ளாது. எதை, எத்தனை, எப்போது பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். சட்டத்துக்குள் நின்று வேட்டையாடுவது எப்படி என்று நாட்டுக்கே காட்டியவர்களின் பிள்ளைகளிடம்தான் வேட்டையே குற்றம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மீதி இருப்பது, இனி எல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே வந்துவிடும் என்ற நம்பிக்கை. நஞ்சுமுறிமருந்தைக் குதிரை இல்லாமல் செய்ய உலகெங்கும் ஆய்வு நடக்கிறது, அது வெற்றி பெறட்டும். இன்று நம் அரசு மருத்துவமனையில் ஏற்றுகிற மருந்து, குதிரைக்கு நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான். அந்த நஞ்சின் பெரும்பங்கு நெடுங்காலமாக இந்த ஒரே சங்கத்திலிருந்து போயிருக்கிறது. அதில் ஒரு குறையும் உண்டு. ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் நஞ்சின் கூட்டு மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சால் செய்த மருந்து வேறு மாநிலக் கடிகளில் சில சமயம் போதிய பலன் தருவதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் ராஜஸ்தானிலும் வங்கத்திலும் வடகிழக்கிலும் அந்தந்த ஊர்ப் பாம்புகளைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சு எடுத்து, திரும்ப விடத் தெரிந்தவர்கள் வேண்டும். இதை நாற்பது ஆண்டுக்கும் மேலாக அனுமதியோடு செய்து பழகியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அங்கே போய்ச் சொல்லித்தர நாளைக்கு ஆள் வேண்டுமானால் இன்றைக்கு இங்கே இளைஞர்கள் பழகியாக வேண்டும்.

ஃபிட்டர் வேலையும் மின்பணியும் பழகுகிற இளைஞனுக்கு 1961இன் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகை கிடைக்கிறது. கற்றுத்தரும் இடத்துக்குப் பெயரும் மதிப்பும் இருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பிய இருளர் இளைஞரும் இளம்பெண்ணும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒருவருடன் இரண்டு ஆண்டு நடந்து பழக அதேபோல உதவித்தொகை தரலாம். அவர்களைப் பழக்குகிற பெரியவருக்குப் பயிற்றுநர் என்ற பெயரில் மாதச் சம்பளம் தரலாம். அதற்குக் கீழ்ப்பட்ட வயதுப் பிள்ளைகளுக்கு, அந்தப் பகுதிப் பள்ளிகளின் அறிவியல் வகுப்பை மாதத்தில் ஒருநாள் வரப்புக்குக் கொண்டுபோகலாம். முன்னால் நடந்து வளையையும் தடத்தையும் காட்டுகிறவர் இருளர் பெரியவராக இருக்கட்டும். பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வரட்டும்.