மழுப்பப்படும் நோய்ப்பெயர், ஒட்டப்படும் பழி

நோயாளியின் ஏட்டில் மருத்துவர் எழுதும் ஒரு வரி, அடுத்த மருத்துவமனை அவரை எவ்வாறு நடத்தும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிறப்புறுப்பு ஹெர்பிஸ் நோயில் அவ்வரி இருவகையில் தவறக்கூடும். நோயின் பெயர் மழுப்பப்படலாம். அல்லது நோயாளியின் ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பாக அது மாறலாம். தீட்டு என்னும் பழியைத் தலைமுறைகளாகச் சுமந்துவரும் தலித் மக்களுக்கு இவ்விரண்டும் கூடுதல் சுமையாகும்.

பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பாதை ஹெர்பிஸுக்கு ஏ60.0 என்னும் தனிக் குறியீடு உண்டு. ஏ64 என்பதோ 'வகை குறிப்பிடப்படாத பால்வினை நோய்'. கூச்சத்தாலோ அவசரத்தாலோ ஏ64 எனப் பதிந்தால், அந்நோய் கணக்கிலிருந்து மறைகிறது. கணக்கில் இல்லாத நோய்க்கு மருந்து கேட்டுப் பெறுவது கடினம்.

இழப்பு எண்ணிக்கையில் மட்டும் நிற்பதில்லை. கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலத்தை ஒட்டி முதன்முறையாக இத்தொற்று ஏற்பட்டால், பிறக்கும் குழந்தைக்கு உயிராபத்து மிகுதி. அறுவை மகப்பேறு தேவைப்படலாம். ஆரம்ப சுகாதார நிலையத்து ஏட்டில் வெறுமனே 'புண்' என்றிருந்தால், மாவட்ட மருத்துவமனையில் பேறு பார்ப்பவர் இதை எவ்வாறு அறிவார்?

குறியீடு மட்டும் போதாது. ஏ60.0 என்பது முதல் தொற்றையும் மறுபடி தோன்றும் புண்ணையும் வேறுபடுத்துவதில்லை. மருத்துவரே அதை எழுத வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சை தொடங்கும் முறை உள்ளது. அவ்வாறாயின், ஆய்வகம் உறுதிசெய்யவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். இக்கிருமி ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி உடலில் உறையக்கூடியது. ஆகவே, இன்று கண்ட புண் நேற்றைய நடத்தைக்குச் சான்றாகாது. இதை எழுதாமல் விடும் ஏடு, குடும்பத்திலும் ஊரிலும் பெண்ணுக்கு எதிரான சாட்சியமாகிவிடும்.

தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதை 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியது. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. ஆனால் அச்சட்டத்தின் காப்பு எச்.ஐ.வி.யோடு நின்றுவிடுகிறது.

எனவே நாம் கோருவது இரண்டு. நோய் துல்லியமாகப் பதியப்பட வேண்டும். பதிந்ததைச் சிகிச்சை அளிப்போர் தவிர வேறெவரும் காணலாகாது. மறைத்து எழுதுவது கருணையன்று. சரியாக எழுதி, எழுதியதைக் காப்பதே நோயாளியின் மாண்புக்குச் செய்யும் மரியாதை.