சாவுக்குக் காரணம் யார்?

தொழிலாளி ஒருவன் மிஷினில் நசுங்கிச் சாகிறான். முதலாளி வாயில் வரும் முதல் வார்த்தை என்ன? "அவனுடைய அஜாக்கிரதை!" இது வெறும் சாக்கு அல்ல, தோழர்களே! கோர்ட்டிலும் இது எடுபட்டிருக்கிறது.

1962-ல் பம்பாயில் பெயிண்ட், வார்னிஷ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று தீப்பற்றியது. ஏழு தொழிலாளர்கள் மாண்டனர். லைசென்ஸ் நிபந்தனையை மீறி, டர்பன்டைன் வைத்திருந்த அறையிலேயே பர்னர்களை எரிய அனுமதித்தவர் மானேஜர். கீழ்க் கோர்ட்டு தண்டித்தது. சுப்ரீம் கோர்ட்டோ, சூடு ஆறுமுன் ஒரு தொழிலாளி டர்பன்டைனை ஊற்றியதே சாவுக்கு நேரடிக் காரணம் என்றது. மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து மானேஜர் விடுதலை! நெருப்பில் அஜாக்கிரதை என்ற சிறு குற்றம்தான் மிஞ்சியது. இதுதான் குர்பான் உசேன் வழக்கு.

அதே சுப்ரீம் கோர்ட்டு 1963-ல் என்ன சொன்னது? பீகாரில் ஒருவர், அயலார் நுழையக்கூடாதென்று தம் கக்கூசில் மின்சாரக் கம்பி கட்டினார். நுழைந்த பெண் கம்பி பட்டு மாண்டார். 'அவரேதான் தொட்டார்' என்று கோர்ட்டு விட்டுவிடவில்லை. கம்பி கட்டியவரின் தண்டனையை உறுதி செய்தது. வயல்வரப்பில் மின்வேலியைக் கண்ட விவசாயத் தொழிலாளிக்கு இந்த நியாயம் நன்றாகப் புரியும்.

"பம்பாயில் நடுவே இன்னொருவர் கை புகுந்ததே" என்பார் வக்கீல். அந்தக் கை யாருடைய கட்டளைக்கு வேலை செய்தது? ஆலையில் முதலாளி தன் கையால் எதையும் ஊற்றுவதில்லை, எதையும் அழுத்துவதில்லை. நடுவே எப்போதும் கூலிக்காரன் கைதான் இருக்கும். அந்தக் கையோடு காரணச் சங்கிலியை அறுத்தால், எந்த முதலாளி அகப்படுவான்?

2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, இக்குற்றத்தின் உச்ச தண்டனையை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக்கியது. ஆனால் காரணம் யார் என்ற பழைய முடிச்சு அவிழவில்லை!

வடக்குப்பட்டு, ஒரகடம் தோழர்களே! விபத்து நடந்தால் "பட்டனை அழுத்தியது யார்?" என்ற கேள்வியோடு விசாரணை முடிய விடாதீர்கள். சென்சாரைக் கழற்றச் சொன்னது யார்? பழகாத ஆளை மிஷினில் நிறுத்தியது யார்? ரிப்பேர் கேட்டும் ஓட்டச் சொன்னது யார்? புகாரை எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், போலீஸ் வாக்குமூலத்தில் இவற்றைப் பதியச் செய்யுங்கள். கோர்ட்டில் சங்கிலியின் அறுந்த கண்ணியைக் கோப்பது அந்தக் காகிதம்தான்.

செத்தவன் தலையில் பழியா? கட்டளையிட்டவனே கூண்டில் ஏறட்டும்!