ஐந்தாவது டிக்கெட்

"நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்கப்பா. எனக்கு அந்த ஏசி ஒத்துக்காது" என்று அம்மா சொல்லத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஜவுளிக்கடை ஏசியும் வங்கி ஏசியும் அவருக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கின்றன. கடைசியாக எங்களோடு படத்துக்கு வந்த அன்று, இடைவேளையில் பாப்கார்னுக்காக நான் எண்ணிக் கொடுத்த நோட்டுகளை அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் திரையரங்கு வாசலை மிதிக்கவில்லை.

அன்றைய கணக்கைச் சொல்கிறேன். டிக்கெட் 190 ரூபாய் வீதம் ஐந்து பேருக்கு 950. செயலியில் முன்பதிவு செய்ததற்கு டிக்கெட்டுக்கு 35 வீதம் 175. பாப்கார்ன் இரண்டு 560, குளிர்பானம் இரண்டு 300, தண்ணீர் பாட்டில் 60, கார் நிறுத்த 80. ஆக 2,125 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 2025-26இல் 336 ரூபாய். ஒரு குடும்பம் ஒரு படம் பார்க்க ஆறு நாள் கூலிக்கு மேல் போகிறது. நான் மாதச் சம்பளக்காரன், எப்படியோ சமாளித்துவிடுவேன். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் ஒரே ஒரு படத்துக்குக் கூட்டிப்போக ஏப்ரலிலிருந்தே பணம் ஒதுக்குகிறார்.

இந்த 2,125 ரூபாயில் அரசின் டிக்கெட் உச்சவரம்பு தொடுவது 950 ரூபாயை மட்டும்தான். மீதி 1,175 ரூபாயைக் கேள்வி கேட்பார் கிடையாது. டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று நாம் பொதுவாகப் புலம்புகிறோம். உண்மையில் டிக்கெட்டைச் சுற்றியிருக்கும் செலவுகள்தான் டிக்கெட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஆள் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறுவதால், தனியாகப் படம் பார்க்கப் போகும் இளைஞரைவிடக் குடும்பத்தோடு போகிறவர்தான் அதிகம் அடிபடுகிறார்.

டிக்கெட்டின் கதையை முதலில் முடித்துவிடலாம். 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம் விதித்தார்கள். அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 சதவீதம் என்று மாநில அரசு அறிவிக்க, தமிழகத் திரையரங்குகள் அந்த மாதமே சில நாட்கள் இழுத்து மூடப்பட்டன. பேச்சுவார்த்தைக்குப் பிறகு புதிய தமிழ்ப் படங்களுக்கு அது 8 சதவீதமாக இறங்கியது. கூடவே மல்டிபிளக்ஸ் டிக்கெட்டின் உச்சவரம்பு 120இலிருந்து 150 ரூபாயாக ஏறியது. அந்த 150 ரூபாயோடு இரண்டு வரிகளும் சேர்ந்து கையிலிருந்து போனது 204 ரூபாய். 2019 ஜனவரியில் சரக்கு, சேவை வரி 18 சதவீதமாகக் குறைந்ததும் அது 189 ஆனது. பெரிய நடிகர்களின் படங்களுக்கு முதல் நாளில் ரசீது இல்லாமல் கைமாறும் 500, 1,000 ரூபாய் இந்தக் கணக்கில் சேராது. அது ஊரறிந்த விஷயம். அதைத் தடுக்காமல் அதிகாரிகள் கண்ணை மூடிக்கொள்வது தவறு என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வரியைக் குறைத்தால் குடும்பச் செலவு குறையும் என்பவர்கள் நம் அனுபவத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006இல் கேளிக்கை வரிவிலக்கு கிடைத்தது. பின்னர் 2011இல் அதற்குக் கூடுதல் நிபந்தனைகள் வந்தன. அந்த ஆண்டுகளில் வரிவிலக்கு பெற்ற படத்துக்கும் பெறாத படத்துக்கும் கவுன்ட்டரில் ஒரே விலைதான். சலுகை பார்வையாளரை வந்து சேரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்குச் சரக்கு, சேவை வரி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சிறு ஊர்த் திரையரங்குகளுக்கு இது நல்ல செய்தி, வரவேற்கிறேன். ஆனால் 100 ரூபாயைத் தாண்டினால் பழைய 18 சதவீதமேதான். இந்த வரியை மட்டும் சேர்த்தால் 100 ரூபாய் டிக்கெட் 105க்குக் கிடைக்கும், 101 ரூபாய் டிக்கெட்டுக்கு 119 கொடுக்க வேண்டும். 2017இல் போட்ட அந்த 100 ரூபாய்க் கோட்டை இன்னும் நகர்த்தவில்லை.

இனி கேன்டீன். போன மாதம் ஒரு மல்டிபிளக்ஸ் வாசலில், பை சோதிக்கும் இடத்தில் வரிசையில் நின்றேன். சோதனை மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை. அதன்மேல் கடலை மிட்டாய்ப் பொட்டலம், கடித்து மிச்சம் வைத்த கொய்யா, பெயர் எழுதிய பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு, சின்ன எவர்சில்வர் டப்பா. டப்பாவில் இருந்தது முறுக்கு. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுடையது. "பாப்பாவுக்குங்க" என்றார். "தெரியும்மா, ஆனா உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் காவலர். அவர்மேல் பிழையில்லை, அவரும் நம்மைப்போல் சம்பளத்துக்கு நிற்பவர்தான். நாலு வயதிருக்கும் அந்தக் குழந்தை டப்பாவையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

சட்டம் திரையரங்கின் பக்கம் இருக்கிறது. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, நல்ல குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் எடுத்துச்செல்லலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. தீர்ப்பின் முதல் பாதி வாசலில் கறாராக நடைமுறையாகிறது. இரண்டாம் பாதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அன்று குடிநீர்க் குழாய் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு மூலையில் இருந்தது. அங்கே டம்ளர் இல்லை. கையில் பாட்டிலும் இல்லை, அது வாசல் மேசையில் இருந்தது. அறுபது ரூபாய் பாட்டிலை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது.

திரையரங்குக்காரர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும். பெரிய படங்களின் முதல் வார வசூலில் 70 சதவீதம்வரை, சில சமயம் அதற்கு மேலும், ஷேராக விநியோகஸ்தருக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவதில் மின்கட்டணம், சம்பளம், பராமரிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கேன்டீன் பணத்தில்தான் கதவைத் திறக்கிறோம் என்று அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. நாட்டின் மிகப் பெரிய மல்டிபிளக்ஸ் நிறுவனமான பிவிஆர் ஐநாக்ஸின் 2023-24 கணக்குப்படி, சராசரி டிக்கெட் விலை 259 ரூபாய், தின்பண்டத்துக்கு ஒருவர் செலவழித்தது சராசரியாக 132 ரூபாய். தின்பண்டம் டிக்கெட்டில் பாதியைத் தொட்டுவிட்டது. ஒற்றைத் திரை அரங்குகள் ஒவ்வொன்றாக விழுவதையும் பார்க்கிறோம். 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. சென்னை அசோக் நகரின் அடையாளமாக இருந்த உதயம் தியேட்டரும் போய்விட்டது.

ஆனால் நஷ்டத்தை ஈடுகட்டக் குடும்பங்களைப் பிழிந்தால், அடுத்த முறை அந்தக் குடும்பம் வராது. நான்கு வாரத்தில் அதே படம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்துவிடுகிறபோது ஏன் வர வேண்டும்? விலை குறைந்தால் கூட்டம் வரும் என்பதற்குச் சான்றைத் திரைத்துறையே தந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 23, தேசிய சினிமா நாள் என்று 75 ரூபாய்க்கு டிக்கெட் விற்ற ஒரே நாளில் நாடு முழுவதும் 65 லட்சம் பேர் வந்ததாக மல்டிபிளக்ஸ் சங்கம் அறிவித்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை. அத்தனை பேரும் படம் பிடிக்காமலா மற்ற நாட்களில் வீட்டில் இருந்தார்கள்?

அம்மாவின் ஊரில் டூரிங் டாக்கீஸ் இருந்தது. தரை டிக்கெட், பெஞ்ச், சேர் என்று மூன்று வகுப்பு. மடியில் உட்காரும் பிள்ளைக்குக் காசு கிடையாது. பாட்டி தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டுபோவார், இடைவேளையில் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு உருண்டை போகும். அந்தக் கொட்டகை திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நல்ல ஒலி, சுத்தமான கழிப்பறை, பெண்கள் இரவுக் காட்சிக்கும் பயமில்லாமல் போய்வரும் பாதுகாப்பு ஆகியவை இன்றைய அரங்குகள் தந்தவை. அவற்றுக்கு ஒரு விலை உண்டு, கொடுக்கத்தான் வேண்டும். குறைந்த காசு கொடுப்பவருக்கும் உள்ளே ஓர் இடம் என்ற ஏற்பாட்டை மட்டும் நாம் தொலைத்திருக்கக் கூடாது.

உச்சவரம்பை உயர்த்த வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்டுவருகிறார்கள். கர்நாடகம் 2025 செப்டம்பரில் 200 ரூபாய் உச்சவரம்பு கொண்டுவந்தது, அதற்கு உயர் நீதிமன்றம் சில நாட்களிலேயே இடைக்காலத் தடை விதித்தது. டிக்கெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு அலைவதைவிட, டிக்கெட்டுக்கு வெளியே இருப்பதை அரசு பார்க்க வேண்டும். ஐந்து டிக்கெட்டை ஒரே தடவையில் பதிவு செய்தாலும் முன்பதிவுக் கட்டணத்தை ஐந்து முறை வாங்குவது எந்த வேலைக்கு? பரிவர்த்தனைக்கு ஒரு கட்டணம் என்று ஆணையிட்டால் என் கணக்கில் அன்றே 140 ரூபாய் மிஞ்சியிருக்கும். கேன்டீனில் நூறு பண்டங்களை என்ன விலைக்கும் விற்கட்டும். தண்ணீர், தேநீர், சிறிய பாப்கார்ன், ஒரு சமோசா, இந்த நான்குக்கு மட்டும் விலை வரம்பு வேண்டும். ரயில் நிலையத்தில் ரயில் நீருக்கு விலை குறித்திருக்கிறார்கள். சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் தேநீரும் தண்ணீரும் பத்துப் பத்து ரூபாய். விமானம் ஏறுபவருக்குச் செய்ய முடிந்ததைப் படம் பார்க்க வருபவருக்குச் செய்ய முடியாதா?

சென்னையின் பெரிய மல்டிபிளக்ஸ்களிலேயே முன்வரிசையில் சில இருக்கைகள் பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட காலம் உண்டு. கல்லூரி மாணவர்கள் காலையிலேயே போய் கவுன்ட்டரில் நிற்பார்கள். 2017 அரசாணையில் மல்டிபிளக்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 50 ரூபாய் ஆனது. அந்த 50 ரூபாய் இருக்கைகள் எத்தனை, எந்த வரிசையில், செயலியில் தெரிகின்றனவா, எத்தனை நாள் முன்பாக விற்கப்படுகின்றன என்று ஒவ்வொரு அரங்கும் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். உச்சவரம்பை உயர்த்தும் அடுத்த ஆணை வருமானால், மடியில் பிள்ளையோடு வருபவருக்கும் அறுபது வயதைத் தாண்டியவருக்கும் அந்த வரிசைகளில் முன்னுரிமை என்ற ஒரு வரியும் அதே ஆணையில் வரட்டும். கழுத்து வலித்தாலும் அம்மா முன்வரிசையில் உட்காருவார்.